முதுகுக்குப் பின்னால் மைதானம்

கேப்டவுன் துறைமுகம்
2002 ஏப்ரல் 8

அன்புள்ள சயோகோவுக்கு,

மொரியோ எழுதுறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கு? ஐஸ் கிடங்குல பெட்டி தூக்காதேன்னு எத்தனை தடவை சொன்னாலும் நீ கேக்கப் போறதில்லை.

டீசல் ஏத்த இங்க ரெண்டு நாள் நிக்கிறோம். நாளைக்குத் தெற்கே கிளம்பினா, அப்புறம் சூரை மீனும் தண்ணியும்தான். எண்ணெய்க் கப்பல் வர்றப்பதான் கடுதாசி வரும், போகும். போன் கேப்டன் ரூம்ல இருக்கு. யாராவது செத்தாதான் அதைத் தொட விடுவாரு.

சரி, நம்ம கால்பந்து கிளப்போட முரசு விஷயம். கிளம்புற அன்னைக்கு அதை உன் மடியில வெச்சப்ப நீ பார்த்த பார்வை இன்னும் கண்ணுல நிக்குது. "பத்து வருஷமா எல்லா ஞாயித்துக்கிழமையையும் இந்தச் சனியன் தின்னுடுச்சு, இப்ப என்னையும் திங்க விடுறீங்களா"ன்னு கேட்டே. என்ன பண்ணச் சொல்றே? கரையோரப் படகை வித்துட்டாங்க, நான் தூரக்கடலுக்கு வந்துட்டேன். நம்ம இசோமுராவுல உன்னை விட்டா தாளம் தெரிஞ்சவங்க யாரு இருக்கா? பள்ளிக்கூடத் திருவிழாவுல நீ முரசு அடிச்சதைப் பார்த்துத்தானே நான் உன் பின்னாலயே சுத்தினேன்.

நல்லா கேட்டுக்கோ. மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிக்கணும். கூட்டத்தைப் பார்த்து அடிக்கணும். திரும்பி ஆட்டத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்தா நெஞ்சு நின்னுடும், நெஞ்சு நின்னா கையும் நின்னுடும். கோல் வாங்கினாலும் அடி நிக்கக்கூடாது. பசங்களுக்கு அது ஒண்ணுதான் தெம்பு.

அப்புறம் "கரை சேர்ற கொட்டு". மூணு நீள அடி, பின்னாடி உருட்டல். மீன் நிறைஞ்சு படகு திரும்புறப்ப அடிக்கிறது. அதைக் கடைசி விசில் ஊதின பிறகுதான் அடிக்கணும், அதுவும் ஜெயிச்சாதான். ஒரு நொடி முன்னால கூட வேண்டாம்.

இந்த வருஷம் கடைசி இடத்துக்குப் போனா மாகாண லீக்குக்கு இறக்கிடுவாங்க. இறங்கினா டப்பா மீன் கம்பெனி கையைக் கழுவிடும்னு முதலாளி வெளிப்படையாவே சொல்லிட்டாரு. ஜெர்சி, பஸ்ஸு, பசங்களோட வேலை எல்லாம் அவரு போட்டதுதானே. கிளப் போச்சுன்னா நம்ம ஊர்ல ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்காது. பார்த்துக்கோ.

மறக்காம வெந்நீர் ஒத்தடம் குடு. நேரத்துக்குச் சாப்பிடு.

மொரியோ

---

இசோமுரா, ஜப்பான்
மே 12

அன்புள்ள உங்களுக்கு,

சயோகோ எழுதுறது. செர்ரிப் பூவெல்லாம் கொட்டிப்போச்சு. ஊர் பூரா கடல்பாசி காயுற வாடை. நான் நல்லா இருக்கேன். முதுகுவலி போயிடுச்சு, இப்ப கைவலி. யாரால? உங்களாலதான்.

நாலு ஆட்டம் முடிஞ்சுது. மூணுல தோல்வி, ஒண்ணு சமம். ஆனா சத்தியமாச் சொல்றேன், நான் ஒரு கோலைக்கூடப் பார்க்கலை. என்ன கூத்துங்க இது? வேகாத வெயில்ல நின்னு, அந்த ஆட்டத்தைப் பார்க்காம, அதைப் பார்க்குறவங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். பந்து எங்க இருக்குன்னு ஹோஷியாய் அண்ணன் கண்ணு போற பக்கத்தை வெச்சுக் கண்டுபிடிக்கிறேன். ஊருக்கே முடி வெட்டுற மனுஷன், ஆட்டம் ஆரம்பிச்சா பல்லைக் கடிக்கிறாரு பாருங்க, எதிர்ல நிக்கிற எனக்கே தாடை நெரியுறது தெரியுது. மாருவோ அக்காவுக்கு நம்ம பசங்க பந்தை எடுத்தாலும் அழுகை, விட்டாலும் அழுகை. அவங்களைப் பார்த்து ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது.

ஒரு சிக்கல். முரசு சத்தத்துல எனக்கு விசில் கேக்கவே மாட்டேங்குது. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சோ! அதனால ஹோஷியாய் அண்ணன்கிட்ட பேசி ஒரு ஏற்பாடு. கடைசி விசில் ஊதினதும் அவரு வலது கையைத் தூக்குவாரு. நான் அதைப் பார்த்து நிறுத்துவேன். ஜெயிச்சிருந்தா உங்க கொட்டை அடிப்பேன். ஜெயிக்கட்டும் முதல்ல.

நம்ம கோல்கீப்பர் குசகாரி தம்பி கம்பெனியில மீன் தலை வெட்டுற இடத்துல நிக்குது. ஆட்டம் முடிஞ்சு கூட்டத்தைக் கும்பிட வர்றப்ப, "அக்கா, முரசு நல்லாக் கேக்குது"ன்னு சொல்லிட்டுப் போச்சு. மூணு கோல் வாங்கிட்டு நிக்குது, எனக்கு ஆறுதல் சொல்லுது.

நீங்க சளி பிடிக்காம இருங்க. கப்பல்ல ஈரச் சட்டையோட தூங்காதீங்க.

சயோகோ

---

தெற்கு அட்லாண்டிக்
ஜூன் 15

அன்புள்ள சயோகோவுக்கு,

உன் கடுதாசி எண்ணெய்க் கப்பல்ல வந்துச்சு. நான் சௌக்கியம். நீ சௌக்கியமா இருக்கேன்னு எழுத்தைப் பார்த்தாலே தெரியுது. திட்டுறியே, அப்ப நல்லாத்தான் இருக்கே.

எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காதே. ஹோஷியாய் பல்லைக் கடிக்கிறதைப் படிச்சுட்டு மேல்தளத்துல தனியாச் சிரிச்சேன். தார்த்தோன்னு ஒரு இந்தோனேசியப் பையன், கால்பந்துப் பைத்தியம். அவனுக்கும் சொன்னேன். பழைய வலைக் கயித்தைச் சுத்திப் பந்து பண்ணி வெச்சிருக்கான். அலை கம்மியா இருந்தா விளையாடுறோம். நாலு பந்து கடல்ல போயாச்சு.

கை வலிக்குதுன்னா நீ குச்சியை இறுக்கிப் பிடிக்கிறேன்னு அர்த்தம். தளர்த்திப் பிடி. மணிக்கட்டுதான் வேலை செய்யணும். ரெண்டு கையும் சரிசமமா விழணும். வலது கை எப்பவும் அவசரப்படும், அதை இழுத்துப் பிடி.

விசிலுக்கு ஹோஷியாய் கை. நல்ல ஏற்பாடு. எனக்கு ஏன் தோணலை!

இங்க மீன் நல்லா விழுது. தூக்கம்தான் இல்லை. நீயாவது தூங்கு.

மொரியோ

---

இசோமுரா
ஜூன் 30

அன்புள்ள உங்களுக்கு,

மழைக்காலம் ஆரம்பிச்சு, துணி எதுவும் காய மாட்டேங்குது. என் உடம்புக்கு ஒண்ணுமில்லை. நீங்க எப்படி இருக்கீங்க? தூக்கமில்லைன்னு எழுதிட்டு அதோட விட்டுட்டா எப்படி?

இங்க ஒரு மாசமா உலகக் கோப்பை, உலகக் கோப்பைன்னு ஒரே ஆட்டம். நம்ம நாட்டுலயே நடக்குதுன்னு மீன் ஏலம் போடுறவங்க வரைக்கும் நீலச் சட்டை. ஐஸ் கிடங்குல டிவி கொண்டுவந்து வெச்சுட்டாங்க. போன ஞாயிறு நம்ம ஆட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? பந்து பொறுக்குற பசங்களையும் சேர்த்தாலும் இருபது தேறாது. உலகமே கால்பந்து பார்க்குது, நம்ம பசங்களைப் பார்க்கத்தான் நாதியில்லை.

தோத்துட்டோம். அதுக்கு முந்தின வாரமும் தோத்தோம். எட்டு டீம்ல எட்டாவது இடம். கம்பெனி வாசல்ல முதலாளி என்னைப் பார்த்து, "மொரியோ இருந்தா இப்படி ஆகியிருக்காது, இல்லையா?"ன்னு சிரிச்சாரு. விளையாட்டுக்குத்தான் சொன்னாரு. ஆனா ராத்திரி சோறு இறங்கலை.

ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க பொறாமைப்படக் கூடாது. எனக்கு இது பிடிச்சுப் போயிடுச்சுங்க. இருபது பேர் இருந்தா என்ன? அந்த இருபது மூஞ்சியும் எனக்கு மனப்பாடம். பத்து வருஷமா ஞாயித்துக்கிழமை நீங்க வீட்டுல இல்லைன்னு கரிச்சுக் கொட்டினேனே, ஒரு நாளாவது கூட வந்து பார்த்திருக்கலாம்னு இப்பத் தோணுது.

பத்திரம். சீக்கிரம் எழுதுங்க.

சயோகோ

---

இசோமுரா
ஆகஸ்ட் 18

அன்புள்ள உங்களுக்கு,

ஒபோன் பண்டிகை முடிஞ்சு, உங்க அப்பா கல்லறைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தேன். சுகமா இருக்கீங்களா? ஜூன் கடுதாசிக்கு அப்புறம் உங்ககிட்ட இருந்து ஒரு வரி இல்லை. கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அங்க இருந்த பையன் மேஜையையே பார்த்துக்கிட்டு, "எல்லாரும் உயிரோட இருக்காங்க"ன்னான். இதென்ன பதில்? நல்லா இருக்காங்களான்னு கேட்டா உயிரோட இருக்காங்கன்னு சொல்றான்.

ஜெயிச்சோம்! முதல் வெற்றி! கொட்டுற மழை. முரசு மேல பிளாஸ்டிக் தாளைக் கட்டி அடிச்சேன். ஒண்ணுக்கு ஒண்ணு போயிட்டே இருந்துச்சு. திடீர்னு மொத்தக் கூட்டத்துக்கும் வாய் திறந்துடுச்சு, ஆனா சத்தம் வரலை. என்னடான்னு பார்க்குறேன், அப்புறம்தான் கத்துறாங்க. மாருவோ அக்கா குடையைத் தூக்கி எறிஞ்சுட்டாங்க. இன்னும் முடியலையே, முடியலையேன்னு நான் அடிச்சுக்கிட்டே ஹோஷியாய் அண்ணன் கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். தூக்கினாரு! வலது கை! கரை சேர்ற கொட்டை அடிச்சேன் பாருங்க, கண்ணுல மழைத் தண்ணியா அழுகையான்னு தெரியலை.

இதுக்குத்தானா வாரா வாரம் ஓடினீங்க? சொல்லியிருக்கலாமே, பாவி மனுஷா.

எழுதுங்க. ஒரு வரி போதும். கடவுளே, ஒரு வரி.

சயோகோ

---

தெற்கு அட்லாண்டிக்
செப்டம்பர் 20

சயோகோ,

நான் நல்லா இருக்கேன். கடல் கொந்தளிப்பு. அதான் எழுத்து இப்படிக் கோணலா இருக்கு.

ஜெயிச்சது சந்தோஷம். ரெண்டு கடுதாசியும் கிடைச்சுது. தார்த்தோ படிச்சுக் காட்டச் சொல்லி உயிரை எடுக்குறான்.

நீ நல்லா அடிக்கிறே. அடுத்த வருஷமும் நீயே அடி. அதுக்கடுத்த வருஷமும். முரசு உன்னோடது.

உடம்பைப் பார்த்துக்கோ.

மொரியோ

---

இசோமுரா
அக்டோபர் 27

அன்புள்ள உங்களுக்கு,

சன்மா மீன் சீசன். தெருவெல்லாம் சுட்ட மீன் புகை. நான் சுகம். ஆனா நீங்க சுகமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு.

கடல் கொந்தளிப்பா? பதினெட்டு வருஷமா உங்க எழுத்தைப் பார்க்குறேன். புயல்ல எழுதியிருக்கீங்க, குடிச்சுட்டு எழுதியிருக்கீங்க. இது பள்ளிக்கூடத்துல முதல் வகுப்புப் பிள்ளை எழுதுற எழுத்து. காய்ச்சலா? யார்கூடவாவது சண்டையா? முரசு என்னோடதாம்! பயணம் முடிஞ்சு வந்து உங்க சனியனை நீங்களே தூக்கிக்கோங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை தூங்கணும்.

பொய் சொல்றேன். எனக்குத் தூங்க வேண்டாம்.

இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான். நவம்பர் இருபத்திநாலு, நம்ம மைதானத்துல. நாம ஏழாவது இடம், எதிர்ல வர்ற டீம்தான் எட்டாவது. சமமா முடிஞ்சாக்கூடப் போதும், நாம தப்பிச்சோம். தோத்தா இறங்கிட்டோம். அவ்வளவுதான் கணக்கு. ஊர்ல இப்ப எல்லாருக்கும் திடீர்னு அக்கறை வந்துடுச்சு. ஆட்டத்துக்கு எல்லாரும் வரணும்னு ஹோஷியாய் அண்ணன் கடைக் கண்ணாடியில தாள் ஒட்டியிருக்காரு. "ஜெயிக்க வேண்டாம், சமம் போதும், கொட்டு அடிச்சுடலாம் தங்கச்சி"ன்னு எனக்கு அனுமதியும் குடுத்துட்டாரு. குசகாரி தம்பிக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க. பொண்ணு வீட்டுல, வேலை நிலைக்குமான்னு கேக்குறாங்களாம்.

பயமா இருக்குங்க. நீங்க பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்.

உண்மையை எழுதுங்க.

சயோகோ

---

இசோமுரா
நவம்பர் 26

அன்புள்ள உங்களுக்கு,

குளிர் வந்துடுச்சு. உங்களுக்கு அங்க கோடைகாலம்னு நினைக்கிறேன். நல்லா இருங்க.

தோத்துட்டோம். சைபருக்கு ஒண்ணு. கடைசி நிமிஷத்துல ஒரு ஃப்ரீ கிக். இறங்கிட்டோம். வழக்கம்போல பசங்க வரிசையா வந்து நின்னு, கூட்டத்தைப் பார்த்துக் குனிஞ்சு கும்பிட்டாங்க. நாங்களும் கும்பிட்டோம். எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டோம்.

ஹோஷியாய் அண்ணன் தலையை மொட்டை அடிச்சுக்கிட்டாரு.

எனக்கு எழுத ஒண்ணுமில்லை.

சயோகோ

---

கேப்டவுன்
டிசம்பர் 19

சயோகோ,

உடம்பு பரவாயில்லை. உனக்கு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுறியா?

கடுதாசி படிச்சேன். ஒரு நிமிஷம் தாங்கியிருந்தாப் போதுமே! ஃப்ரீ கிக் எப்படி உள்ள போச்சு? சுவர் கட்டி நிக்கலையா? குசகாரி என்ன பண்ணிட்டு இருந்தான்? எவனோ ஒருத்தன் அசந்திருக்கான். எவன்னு எழுது. நான் வந்து அவன் குரல்வளையைத் திருகுறேன். பத்து வருஷ உழைப்பு, ஒருத்தன் தூங்கினதால போச்சு.

ஹோஷியாய் எதுக்கு மொட்டை அடிச்சான்? அவனா ஆடினான், கிறுக்கன்?

உன்மேல ஒரு தப்பும் இல்லை. நீ கடைசி வரைக்கும் அடிச்சிருப்பே. எனக்குத் தெரியும்.

மொரியோ

---

இசோமுரா
2003 ஜனவரி 12

அன்புள்ள உங்களுக்கு,

புது வருஷம் பிறந்துடுச்சு. வாழ்த்து சொல்ல எனக்கு வாய் வரலை. நீங்க நல்லா இருந்தாச் சரி.

எவன் அசந்தான்னு கேட்டீங்க. எவனும் இல்லை. நான்தான். குரல்வளையைத் திருகுங்க, வாங்க.

கடைசி நேரம். சைபருக்கு சைபர். கூட்டம் மொத்தமும் ஒட்டிக்கிட்டு நிக்குது. ஹோஷியாய் அண்ணனோட கையைத் தவிர நான் வேற எதையும் பார்க்கலை. அந்தக் கை மேல போச்சு. வலது கை. நல்லா நேரா. நான் அடிச்சேன். மூணு நீள அடி, உருட்டல். என் உயிரையே விட்டு அடிச்சேன்.

ஆட்டம் முடியலைங்க. நம்ம பையன் ஒருத்தன் எதிராளியைத் தள்ளிட்டான்னு நடுவர் விசில் ஊதியிருக்காரு. "தப்பே இல்லை, யோவ், தப்பே இல்லை!"ன்னு ஹோஷியாய் அண்ணன் கையைத் தூக்கிக் கத்தியிருக்காரு. அதைத்தான் நான் பார்த்தேன். நம்ம பசங்களுக்குக் கரை சேர்ற கொட்டு எதுக்குன்னு தெரியுமே. பத்து வருஷமா நீங்க பழக்கி வெச்சதாச்சே. விசிலைக் கேட்டாங்க, முரசைக் கேட்டாங்க, முடிஞ்சுதுன்னு நினைச்சு நின்னுட்டாங்க. குசகாரி தம்பி முட்டி போட்டு நெத்தியைப் புல்லுல வெச்சுடுச்சாம். அந்த டீம்காரன் பந்தை வெச்சு, மெதுவா உருட்டி விட்டான். மெதுவாதான் போச்சாம்.

நான் அப்பவும் அடிச்சுக்கிட்டு இருந்தேன். எதிர்ல எல்லா மூஞ்சியும் செத்துப் போச்சு, அப்பவும் அடிச்சேன். மாருவோ அக்கா வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சாங்க. அன்னைக்கு மட்டும் அவங்க அழலை.

யாராவது திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கல்லை விட்டு எறிஞ்சிருந்தாக்கூடத் தாங்கிக்குவேன். பசங்க வரிசையா வந்து கும்பிட்டாங்க. குசகாரி தம்பி ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. மறுநாள் ஹோஷியாய் அண்ணன் மொட்டைத் தலையோட வந்து, வாசல்ல நின்னு, "என் கைதான் தங்கச்சி காரணம்"னு மன்னிப்புக் கேட்டாரு. புது வருஷத்துக்கு குசகாரி தம்பி இனிப்புப் பெட்டியோட வந்துச்சு. செருப்பு விடுற இடத்துல மண்டி போட்டு, "நான் நடுவரைப் பார்த்திருக்கணும் அக்கா, உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்"னு சொல்லுது. எனக்குக் கெட்ட பேராம்! கம்பெனி அந்தப் பையனை நிறுத்திடுச்சு. கல்யாணமும் நின்னு போச்சு. நகோயாவுல கார் ஃபேக்டரிக்குப் போகுதாம். ஊரே என்கிட்ட மன்னிப்புக் கேக்குது, நான் யார்கிட்டயும் கேக்கலை. வாய் திறக்க மாட்டேங்குது. ஐஸ் கிடங்குல குனிஞ்ச தலை நிமிராம வேலை செஞ்சுட்டு வர்றேன்.

ஒரு நாள் காலையில உங்க முரசைத் தூக்கிட்டுப் போய் அலைதடுப்புச் சுவர் மேல இருந்து கடல்ல தள்ளிட்டேன். நானும் கூடவே போயிடலாம்னுதான் போனேன். சொல்லக்கூடாது, ஆனா உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல? முரசு முழுகலைங்க. மிதந்துச்சு. அலை கொண்டுபோய்ப் படகுமேல மோத, டொம்முன்னு ஒரு சத்தம். திரும்ப மோத, திரும்ப டொம். துறைமுகம் பூரா கேக்குது. நான் அங்கேயே உக்காந்து காதைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் எப்படியோ எழுந்து வந்துட்டேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தா வாசல்ல முரசு இருக்கு. எவரோ எடுத்து, நல்ல தண்ணியில கழுவி, துணியால துடைச்சு வெச்சுட்டுப் போயிருக்காங்க. யாருன்னு தெரியலை.

உங்க கிளப்பை நான் கொன்னுட்டேன். இதைப் படிச்சுட்டு நீங்க எழுதாம இருந்தாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்.

சயோகோ

---

கேப்டவுன்
பிப்ரவரி 6

என் சயோகோவுக்கு,

உயிரோட இரு. முதல்ல அது. அலைதடுப்புச் சுவர் பக்கம் இனிமே போகாதே. சத்தியம் பண்ணு. நீ போயிட்டா நான் எந்தக் கரைக்கு வர்றது?

கேப்டன் கால்ல விழாத குறையா போன் கேட்டேன். குடுத்தாரு. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நீ எடுக்கலை. வேலைக்குப் போயிருப்பேன்னு என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டேன்.

இப்ப என் முறை. கடல் கொந்தளிப்புன்னு எழுதினேன், நீ உண்மையை எழுதச் சொன்னப்பவும் மறைச்சுட்டேன். ஜூலையில, கொக்கி போட்ட கயிறு ஓடிக்கிட்டு இருக்கறப்ப என் வலது கையில சுத்திடுச்சு. நான் ஒரு நொடி அவசரப்பட்டுட்டேன். தார்த்தோ மட்டும் கயித்தை வெட்டலைன்னா மொத்தமாக் கடலுக்குள்ள போயிருப்பேன். நாலு விரல் போச்சு. கட்டை விரல் மட்டும் இருக்கு. அதை வெச்சு என்ன பண்றது? இந்த எழுத்து இடது கை எழுத்து. ஆறு மாசமாப் பழகுறேன், இன்னும் முதல் வகுப்புதான்.

கேப்டன் வீட்டுக்கு அனுப்புறேன்னாரு. வேண்டாம், சமையல்கட்டுல இருக்கேன்னு கெஞ்சினேன். கம்பெனி ஆபீசுக்கும் சொல்லி வெச்சேன், வீட்டுக்கு நானே சொல்லிக்கிறேன், நீங்க வாய் திறக்காதீங்கன்னு. அந்தப் பையன் மேஜையைப் பார்த்தான்னு எழுதினியே, அதுக்குக் காரணம் நான்தான். இந்தக் கையோட உன் முன்னால வந்து நிக்க எனக்கு தைரியம் வரலை. மீன் பிடிக்க முடியாது. முரசு அடிக்க முடியாது. அப்புறம் நான் யாரு?

ராத்திரி வலியில கிடக்கிறப்ப உன் மழை நாள் கடுதாசியைத்தான் எடுத்து வெச்சுக்குவேன். கூட்டத்துக்கு வாய் திறந்துச்சு, சத்தம் வரலைன்னு எழுதினே பாரு. அதுலதான் நான் உயிர் பிழைச்சேன். நீ கிளப்பைக் கொன்னேன்னு சொல்றே. என்னை நீதான் காப்பாத்தினே. இதுல எது பெருசுன்னு எனக்குத் தெரியாது, நான் படிச்சவன் இல்லை.

குரல்வளையைத் திருகுறேன்னு எழுதினேனே, அந்தக் கடுதாசியை எரிச்சுடு. திருக எனக்குக் கையும் இல்லை.

கப்பல் திரும்புது. மார்ச் மாசம் பாலியில ரெண்டு நாள் நின்னு, கடைசியில ஊருக்கு. என்னைப் பார்க்க உனக்கு விருப்பம் இருந்தா பாலிக்கு ஒரு வரி போடு.

மொரியோ

---

இசோமுரா
மார்ச் 2

அன்புள்ள உங்களுக்கு,

பிளம் பூ பூத்திருக்கு. காத்து இன்னும் கத்தி மாதிரிதான் வெட்டுது. நான் உயிரோட இருக்கேன். சுவர் பக்கம் போக மாட்டேன், சத்தியம்.

உங்க கடுதாசியைப் படிச்சுட்டுக் கத்தி அழுதேன். பக்கத்து வீட்டுல கதவைத் தட்டினாங்க. விருப்பம் இருந்தா ஒரு வரி போடுன்னு கேக்குறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லை? ஆறு மாசம்! ஒத்தை ஆளா வலியை முழுங்கிக்கிட்டு, எனக்குக் கடல் கொந்தளிப்புன்னு கதை விட்டிருக்கீங்க. வாங்க, வீட்டுக்கு வாங்க, உங்களை என்ன பண்றேன்னு பாருங்க.

குசகாரி தம்பி போன வாரம் கிளம்பிச்சு. ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் வந்து நின்னப்பதான் எனக்கு வாய் திறந்துச்சு. "தம்பி, தப்பு என்னோடது, மன்னிச்சுடு"ன்னேன். அது சிரிச்சுட்டு, "அந்தக் கொட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு அக்கா. ஒரு நிமிஷம் நாம தப்பிச்சுட்டோம்னு நம்பினேன்"னு சொல்லுச்சு. கதவு மூடிடுச்சு. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் செத்தாலும் தகும், பொழைச்சாலும் தகும்.

கிளப் செத்துப் போச்சுன்னு நினைச்சேன், முழுசாச் சாகலை. மாகாண லீக்ல கடைசிப் பிரிவுல பேரு குடுத்திருக்காங்க. ஒன்பது பசங்கதான் மிச்சம். ஹோஷியாய் அண்ணனுக்கு ஐம்பத்திமூணு வயசு, அவரு கோல்கீப்பராம்! மொட்டைத் தலையில தொப்பி மாட்டிக்கிட்டு பயிற்சிக்குப் போறாரு. பத்து பந்து வந்தா பத்தும் கோல் வாங்குவாரு, பாருங்க. அடுத்த மாசம் முதல் ஆட்டம். முரசு யாரு அடிக்கிறதுன்னு யாரும் என்னைக் கேக்கலை. மைதானத்துக் கம்பிவேலியில, நான் நிக்கிற இடத்தை மட்டும் காலியா விட்டுட்டு, சுத்தி பேனர் கட்டி வெச்சிருக்காங்க.

நேத்து முரசை எடுத்துப் பார்த்தேன். உப்புத்தண்ணி பட்டுத் தோல் தொங்கிப் போச்சு. முன்ன மாதிரி கணீர்னு இல்லை, தொண்டை கட்டின மாதிரி இருக்கு. இருந்தாலும் அடிச்சேன்.

நீங்க வர்ற அன்னைக்குத் துறைமுகத்துக்கு முரசைக் கொண்டு வர மாட்டேன். ரெண்டு கையும் எனக்குக் காலியா வேணும், உங்க கையைப் பிடிக்க. எல்லாரும் பார்க்கட்டும். ஒளிச்சு பாக்கெட்டுல விட்டுக்கிட்டு இறங்கினீங்கன்னா அங்கேயே மானத்தை வாங்கிடுவேன்.

ஆட்டத்தன்னைக்கு என் பக்கத்துல வந்து நிக்காதீங்க. ஹோஷியாய் அண்ணன் நின்ன இடம் காலியா இருக்கு, எனக்கு நேர் எதிர்ல. அங்க நில்லுங்க. நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிப்பேன், நீங்க எனக்குப் பின்னால நடக்குறதைப் பாருங்க. பந்து எங்க இருக்குன்னு உங்க கண்ணை வெச்சுத் தெரிஞ்சுக்கிறேன். ஆனா கையை மட்டும் தூக்காதீங்க. எந்தக் கையையும் இனி நான் நம்ப மாட்டேன்.

கிட்ட வந்து, என் காதுல, "முடிஞ்சுதுடி, அடி"ன்னு வாயால சொல்லுங்க. அதுவரைக்கும் கரை சேர்ற கொட்டை நான் அடிக்க மாட்டேன்.

சயோகோ